இரண்டாவது மைக்

ஒரகடத்து ஜப்பானிய உணவகத்தின் கரோக்கே அறையில், எங்கள் தொழிற்சாலை மேலாளர் மொரிதா சனிக்கிழமை மதியம்தோறும் ஒரே பாட்டைத்தான் பாடுவார். யாரோ ஒரு பெண் பாடிய பழைய, மெதுவான ஜப்பானியப் பாட்டு. இரண்டு மைக்கையும் போட்டு, ஒன்றை எதிரே காலி நாற்காலியில் வைத்துவிட்டுத் தொடங்குவார். கடைசி வரி வந்ததும் வாயை மூடிக்கொள்வார். திரையில் எழுத்துகள் மட்டும் நிறம் மாறிக் கடந்துபோகும்.

"பாவம், மனுசன் அந்த வரியத்தான் மறந்துடறாரு. இன்னிக்கு நான் எடுத்துக் குடுக்கறேன்" என்று எங்களிடம் சொன்னாள் டிசைன் பிரிவு மேகலா. வரியைத் தமிழ் எழுத்தில் உள்ளங்கையில் எழுதி வந்திருந்தாள். பொருள் எங்களில் யாருக்கும் தெரியாது.

கடைசி வரி வந்தது. நாற்காலியிலிருந்த மைக்கை எடுத்துப் பிசிறில்லாமல் பாடினாள். கைதட்டினோம். பாட்டு முடிந்ததும் மதிப்பெண் போடும் திரை முதன்முறையாக நூறு காட்டியது.

மொரிதா எழுந்து அவளைக் குனிந்து வணங்கினார். மைக்கை இரு கைகளாலும் வாங்கி, பழையபடி அந்த நாற்காலியில் வைத்தார். பாட்டை முதலிலிருந்து போட்டார்.

கடைசி வரி நிறம் மாறத் தொடங்கியதும் அவர் அந்த நாற்காலியைப் பார்த்தார்; மேகலா உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.