புது சென்சார்

“மறுபடியும் நின்னுடுச்சும்மா. இன்னா சென்சார் மாட்டிக்கீற நீ?” தகடு வெட்டும் பிரஸ்ஸில் நின்ற தாவீது அலுத்துக்கொண்டார்.

பிரஸ்ஸுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடும். பிரஸ் இறங்கும்போது கை குறுக்கே வந்தால் சென்சார் கண்டுபிடித்து மெஷினை நிறுத்திவிடும். பழசைவிடப் பல மடங்கு வேகமான சென்சாரை நேற்றுதான் மாட்டியிருந்தாள் சசிரேகா.

“பழசு ரொம்ப ஸ்லோண்ணே. கை போனப்புறம்தான் நிக்கும்.”

“இத்தினி வருசமா போகலியே. இப்டி நின்னு நின்னு ஓடுனா, கான்ட்ராக்ட் ஆளுதானேன்னு என்னை வூட்டுக்கு அனுப்பிடுவானுங்க.”

சூப்பர்வைசர் ஸ்ரீதர் எட்டிப் பார்த்தார். “மேடம், டார்கெட் அடிவாங்குது. சரி பண்ணுங்க, இல்ல கழட்டிடுங்க.”

சசிரேகா சென்சாரைத் துடைத்தாள். வயரை மாற்றினாள். தானே தகடு வைத்து ஓட்டிப் பார்த்தாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

தாவீது வந்து நின்றார். மெஷின் நின்றது.

“பாத்தியா? என்னைக் கண்டாலே ஆவல அதுக்கு.”

டீ வந்தது.

“எனக்கு வேணாம்மா.”

“தினமும் இதையே சொல்றீங்க. பிடிங்கண்ணே.” கப்பை அவர் கையில் திணித்தாள்.

கப் தடதடவென்று ஆடியது. டீ சட்டையெல்லாம் சிந்தியது. தாவீது அவசரமாகக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“எப்போலேர்ந்துண்ணே?”

அவர் மற்றக் கையால் சட்டையைத் துடைத்தார்.

“மேடம், கோளாறு சென்சார்லதானே?” தூரத்திலிருந்து ஸ்ரீதர் கேட்டார்.

தாவீதின் குரல் அவளுக்கு மட்டும் கேட்டது. “பழசையே மாட்டிடும்மா. அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது.”