ஆளில்லாத வண்டி

“ஷூமாக்கர் காலத்துல ஜூலை மாசமே பட்டம் முடிஞ்சிபோச்சு நைனா. உங்காளு டிசம்பர் வரைக்கும் இழுத்துகினு கீறான்!” என்றார் ஷாகுல் ஹமீது பாய், டீயை ஊதிக்கொண்டே.

பிராங்கிளினுக்குச் சுருக்கென்றது. “வெர்ஸ்டாப்பன் ஒரே சீசன்ல பத்தொம்பது ரேஸ் ஜெயிச்சான் பாய். சும்மா பழைய கதை பேசாத.”

காசிமேட்டுக்குப் பக்கத்தில் ஞானசெல்வியின் டீக்கடை. ஹார்பர் கேட்டுக்குப் போகிற டிரெய்லர் வரிசை கடைக்கு எதிரேதான் நிற்கும். இப்போது கடைக்கு நேர் எதிரே, கன்டெய்னரைச் சுமந்துகொண்டு சுவர் மாதிரி நின்றவை பாயின் வண்டியும் பிராங்கிளின் வண்டியும். மத்தியானத்திலிருந்து நகரவில்லை. உலகத்திலேயே வேகமான கார்களைப் பற்றி, உலகத்திலேயே மெதுவான வரிசையில் நின்று சண்டை போட இந்த ரெண்டு பேரால்தான் முடியும்.

அன்றைக்கு உலகக் கார்ப் பந்தயத்தில் இந்த வருஷத்துக் கடைசி ரேஸ். பட்டம் யாருக்கென்று சாயந்தரம் தெரிந்துவிடும். இந்த சீசனில் பிராங்கிளின் ஒரு ரேஸையும் முழுசாகப் பார்த்தவனில்லை. ஞாயிற்றுக்கிழமையெல்லாம் இந்த வரிசையே தின்றுவிட்டது. இன்றைக்காவது என்று சர்ச்சில் விடியற்காலைப் பூசைக்கே போய், மாமியாருக்கு வஞ்சிரம் வாங்கிக் கொடுத்து, மனைவி கரோலினிடம் சாயந்தரத்துக்கு டிவியைக் கேட்டு வாங்கியிருந்தான். கேட்டுக்குள் போய்ப் பெட்டியை இறக்கிவிட்டால் ரேஸுக்கு முன்னால் ராயபுரம் வீடு. முன்னால் கொஞ்சம் வண்டிதான் பாக்கி.

பெஞ்சின் ஓரத்தில் கைலியும் தோளில் துண்டுமாக ஒரு ஆள். பேர் பீம்ராவ், ஊர் வியாசர்பாடி. எந்த வண்டி என்று இவர்கள் கேட்கவில்லை. கைலியைப் பார்த்தே கிளீனர் என்று பிராங்கிளின் முடிவு கட்டிவிட்டான்.

“நானும் கேட்டுகினே கீறேன், ஒண்ணும் புரியல மாமு. அந்தக் காருக்கு ஸ்டெப்னி எங்க வைப்பான்?” என்றான் பீம்ராவ்.

பாய் தலையில் அடித்துக்கொண்டார். பிராங்கிளினுக்கு மட்டும் வாத்தியார் வேலை கிடைத்த சந்தோஷம். “ஸ்டெப்னியே கெடையாது. டயர் மாத்த ஓரமா பிட்டுன்னு ஒரு எடம், அதுக்குள்ள போவான். நல்லா கேட்டுக்க, இங்கதான் மேட்டரே. அங்க எவன் ஒரு நிமிட்டு அசந்து நிக்கிறானோ, பின்னாடி வர்றவன் அவன முந்திகினு பூடுவான். ரோட்டுல முந்தறத விட, அவன் நிக்கும்போது முந்தறதுதான் கில்லாடித்தனம்.”

“அப்படியா!” என்று வாயைப் பிளந்தான் பீம்ராவ். “அப்ப பாயோட ஆளுதான் பெரிய ஆளா?”

அவ்வளவுதான். பாய் டம்ளரைக் கீழே வைத்தார். “பின்ன? ரெண்டாயிரத்தி ரெண்டுல மொத்தம் பதினாறு ரேஸு. பதினாறுலயும் மேடை ஏறினான் எங்காளு!”

பீம்ராவுக்குப் புரையேறி, டீ மூக்கு வழியே வந்தது.

“இன்னாச்சு?”

“ஒண்ணுல்ல பாய். சூடு ஜாஸ்தி.” துண்டால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டான். “அக்கா, இவங்க ரெண்டு பேருக்கும் இன்னொரு டீ போடு, நான் குடுக்கறேன். ஆமா மாமு, மழை பேஞ்சா இவங்கள்ல யாரு நல்லா ஓட்டுவான்?”

மழையைப் பற்றி இந்த இருவரிடம் கேட்பது, மீன் ஏலத்தில் நின்றுகொண்டு எடை சரியா என்று கேட்பதற்குச் சமம். பாய் பெஞ்சைத் தட்டினார். பிராங்கிளின் எழுந்து நின்றே பேசினான். கேள்வி கேட்ட ஆள், “ஒண்ணுக்குப் போய்ட்டு வந்துர்றேன்” என்று எழுந்து போனதை யாரும் கவனிக்கவில்லை.

நடுவில் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. பிராங்கிளின் ஒரு தடவை எட்டிப் பார்த்தான். பாய் வண்டி நின்ற இடத்தில் நின்றது. அவன் வண்டியும் அப்படியே. சரி, வரிசை நகரவில்லை என்று மறுபடி மழைக்குள் புகுந்தான்.

ரெண்டாவது டீயும் காலியானபோது டம்ளரை எடுக்க வந்தாள் ஞானசெல்வி. “இன்னா பிராங்கிளினு, அந்தாண்ட எல்லா வண்டியும் போய்கினே கீது, உனுக்கு வூட்டுக்குப் போவ வேணாமா?”

ஓடிப் போய்ப் பார்த்தார்கள். ஓட்ட ஆளில்லாமல் ரெண்டு வண்டி சும்மா நின்றால் அவை நகருமா? முன்னால் வரிசை எப்போதோ நகர்ந்துவிட்டது; இந்த ரெண்டு வண்டிச் சுவருக்கு அந்தப் பக்கமாகப் பின்னால் இருந்த டிரெய்லர்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. நுழைய விடச் சொல்லி பாய் கையெடுத்துக் கும்பிட்டார். ஒருத்தனும் மசியவில்லை. டிரைவர்கள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: ஆளில்லாத வண்டி, வரிசையில் இல்லாத வண்டி. வாலுக்குப் போ.

வால் திருவொற்றியூரில் இருந்தது.

பொழுது சாய்கிற நேரம். புது இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, யாரால் வந்த வினை என்று பாயும் பிராங்கிளினும் அடுத்த சண்டையைத் தொடங்கியிருந்தார்கள். அப்போது எதிர்ப்பக்கத்தில், பெட்டியை இறக்கிவிட்டு வெறும் இரும்புச் சட்டத்தோடு ஒரு டிரெய்லர் வந்து வேகம் குறைந்தது. மத்தியானத்திலிருந்து பிராங்கிளின் வண்டிக்கு நேர் பின்னால் நின்ற அதே டிரெய்லர். ஸ்டியரிங்கில் பீம்ராவ்.

“பாய்! அந்த வருசம் பதினேழு ரேஸு, பதினாறு இல்ல. அத்த திருத்தாம வாய மூடிகினு குந்தியிருக்கறதுக்குள்ள எனுக்கு உசுரே பூட்ச்சு!” என்று கத்தியவன், பிராங்கிளினைப் பார்த்துக் கையாட்டினான். “ரேஸுக்கு டைம் ஆவுது, வர்ட்டா மாமு? உன் பிட் ஸ்டாப்புதான் கொஞ்சம் லேட்டாயிட்சு!”