நூற்று இருபது மில்லிவோல்ட்

ஏழாவது ஆம்ப்ளிஃபயரும் திரும்பி வந்துவிட்டது.

கடைக்காரர் அதைப் பட்டறை மேசைமேல் தொப்பென்று வைத்தார். இன்றைக்குள் ஒரு வழி பண்ணாவிட்டால் மிச்சமிருக்கும் பதின்மூன்றையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவதாகச் சொன்னார். சொல்லிவிட்டுப் போகவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

அதை வடிவமைத்தவனுக்கு உச்சந்தலை கொதித்தது. மூன்று வருட உழைப்பு. மெல்ல வாசித்தால் சுத்தமாகக் கேட்கிறதாம், கொஞ்சம் ஓங்கி அடித்தால் கரகரவென்று உடைகிறதாம். வாங்கிய ஏழு பேரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். கிட்டார் வாசிக்கச் சொன்னால் துணி துவைத்திருப்பார்கள் என்று மனதுக்குள் திட்டினான்.

அவன் குருட்டாம்போக்கில் வேலை செய்கிறவன் இல்லை. கிட்டாரிலிருந்து எவ்வளவு பெரிய சிக்னல் உள்ளே வரும் என்று தெரியாமல் முதல் கோடு போடக்கூடாது. குறைத்துக் கணக்குப் போட்டால் ஓசை உடையும். கூட்டிப் போட்டால் இரைச்சல்தான் மிஞ்சும்.

மற்றவர்கள் ஏதோ ஒரு புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். அவன் சிக்னலைத் திரையில் அலையாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தங்கை வீட்டுக்குப் போனான். அவள் வாசிக்க வாசிக்க அளந்தான்.

எவ்வளவு அடித்தாலும் நூற்று இருபது மில்லிவோல்ட். அதற்கு மேல் போகவே இல்லை. பாதுகாப்புக்கு இன்னொரு முப்பதைச் சேர்த்துச் சர்க்யூட்டை முடித்தான்.

கல்லூரி நாட்களில் கம்பி அறுகிற மாதிரி வாசித்தவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு கையில் என்ன ஒரு பக்குவம் என்று அன்று மெச்சிக்கொள்ளக்கூடச் செய்தான்.

கடைக்காரரின் வாயை அடைக்க அவளையே கூப்பிட்டான். கிட்டாரோடு உடனே வா என்றான்.

அரைமணி நேரத்தில் வந்து நின்றாள். பட்டறைக்குள் அவள் வருவது இதுதான் முதல் தடவை. ஸ்டூலில் உட்கார்ந்து வயரைச் செருகியவள், வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"கதவைச் சாத்திடட்டுமா, அண்ணா?"

தெருவில் லாரி உறுமிக்கொண்டிருந்தது. அடுத்த பட்டறையில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள். இதில் கதவைச் சாத்தி என்ன ஆகப்போகிறது, சும்மா அடி என்றான்.

அவள் ஒரு நிமிஷம் அந்தச் சத்தத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அடித்தாள்.

ஸ்பீக்கர் கரகரத்தது. திரையில் அலை எகிறி வெளியே போய்விட்டது. அவன் அவசரமாக அளவை மாற்றிப் பார்த்தான். எண்ணூறு மில்லிவோல்ட். அவள் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மறுபடி அடித்தாள்.

கடைக்காரர், இப்போது என்ன சொல்கிறாய் என்பதுபோல் அவனைப் பார்த்தார்.

அவனுக்கு மானம் போனது. அத்தனை ஆத்திரமும் தங்கைமேல் திரும்பியது.

"அன்னைக்கு ஏன் இப்படி அடிக்கல? மூணு வாரமா என்னை முட்டாளாக்கிட்டு இருந்தியா?" என்று கத்தினான்.

அவள் உள்ளங்கை சட்டென்று கம்பிகளை அமுக்கியது. ஓசை அப்படியே நின்றது. தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. அவன் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துவிட்டிருந்தாள்.

"அன்னைக்கு அவர் பக்கத்து ரூம்ல இருந்தாரே" என்றாள்.

கடைக்காரர் கட்டியிருந்த கையை இறக்கினார்.

அவன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், மூன்று பக்கங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் குறிப்புக்கான கட்டத்தில் அவனுடைய கையெழுத்தே இருந்தது: 'வீடு மிக அமைதி. அளவெடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.'

நூற்று இருபதைக் கோடு போட்டு அடித்தான். ஒருமுறை அடித்தது போதவில்லை. பேனா தாளைக் கிழித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்கும் போனது.

நாலு வருடத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவரப் போனவன் அவன்தான். அரைமணி நேரம் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னதும் அவன்தான்.

"சத்தமே இல்லாத வீடுப்பா. கண்ணை மூடிட்டுக் கொடுக்கலாம்."