முதலில் கடைசிப் பக்கம்

சுரங்க வாசலுக்கு எதிரே வாடகைப் புத்தகக் கடை போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் கடைக்காரருக்குத் தினமும் வரும் ஒரு வாடிக்கையாளனைக் கண்டாலே எரிச்சல். எந்தச் சாகச நாவலை எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவான்.

"ஏன்யா, ஆள் உயிரோட திரும்புறானான்னு பார்த்துட்டுப் படிக்கிறது பொம்பளைங்க பழக்கம். அடுத்து என்ன ஆகும்னு தெரியாம இருக்கிறதுலதானே ஆம்பளைக்கு ருசியே!"

"முடிவு தெரியலன்னா நெஞ்சு அடிச்சுக்குதுண்ணே."

"உன் வீட்டுக்காரியப் பாரு. ஆபத்து நிறைய இருக்கிற கதையா கேட்டு வாங்கிட்டுப் போறா. கடைசிப் பக்கத்தைத் தொடவே மாட்டேங்குறா. வீட்டுல பத்திரமா உக்கார்ந்திருக்கிற தைரியம் அது!"

அவன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சுரங்கத்தில் சங்கு அலறியது. நேரங்கெட்ட நேரத்துச் சங்கு. வாசலில் நின்ற காவலாளிகள் தலைதெறிக்க உள்ளே ஓடினார்கள்.

"உள்ள இடிஞ்சிருச்சு போல." கடைக்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் நல்ல நேரம்யா, இன்னைக்கு நீ வேலைக்கு இறங்கல."

அவன் கையை உதறிவிட்டுத் தெருவில் பாய்ந்தான். ஓடிக்கொண்டே கத்தினான்.

"நான் என்னைக்குண்ணே இறங்கியிருக்கேன்? இறங்குறவ என் பொண்டாட்டிண்ணே!"