கிணற்றடி அம்மன்

வரலட்சுமி கிணற்றடிக் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, வேப்பிலையும் செருகினாள். நேற்று வரைக்கும் அது துணி துவைக்கிற கல். இன்று காலையில்தான் அம்மனாகப் பதவி உயர்வு.

"வேணாம்மே, சாமி குத்தம் ஆயிடும்," என்றான் புருஷன் எத்திராஜ்.

"ஆனா ஆவட்டும். வூடு போச்சின்னா ரெண்டு பொண்ணுங்கள இட்டுக்கினு எங்கய்யா குந்துவ? புத்தூர் பஸ் ஸ்டாண்டுலயா?"

நாராயணவனத்துக்கு வெளியே மாந்தோப்புக்கு நடுவில் இருக்கிற அந்தப் பழைய பண்ணை வீட்டுக்கு அவர்கள் காவல் குடும்பம். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு குடிசைகூடக் கிடையாது.

வீட்டுக்காரர் வெங்கடசாமி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டார்கள். சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் வருகின்றன என்று பேச்சு கிளம்பி நிலத்தின் விலை ஏறியதும், 'வித்துடலாம்' என்று போனிலேயே முடிவும் செய்துவிட்டார்கள். காவல் காத்தவர்கள் எங்கே போவார்கள் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

போன மாதம் வந்த பார்ட்டியை, 'பேய் நடமாடுது சார்' என்று சொல்லி வரலட்சுமி ஓட்டிவிட்டாள். இன்று வருகிறவர் பலமனேரில் தக்காளி மண்டி வைத்திருக்கும் ஹரிபாபு. வியாபாரி லேசில் பயப்பட மாட்டார் என்றுதான் இந்த அம்மன் ஏற்பாடு.

கார் வந்து நின்றது. ஹரிபாபு இறங்கினார். பின் சீட்டில் பட்டுப்புடவையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு வயசான அம்மா சாய்ந்திருந்தாள்.

"எங்கம்மா. சித்தூர் தாண்டினதுல இருந்து தல சுத்துதுன்றாங்க. கொஞ்ச நேரம் அப்டியே இருக்கட்டும். நீ வூட்ட காட்டும்மா."

மனுஷர் வீட்டுக்குள் போனவர் சும்மா வரவில்லை. தூணைத் தட்டிப் பார்த்து, "தேக்கு!" என்றார். கதவைத் தள்ளிப் பார்த்து, "இந்த மாதிரி வேல இப்ப யாரு செய்றா?" என்றார். பாராட்டு ஏற ஏற, வீடு கைவிட்டுப் போவது வரலட்சுமிக்குத் தெரிந்தது. இனியும் தாமதித்தால் ஆகாது என்று அவரைக் கிணற்றடிக்கு இழுத்து வந்தாள்.

"சார், மறைக்கக் கூடாது. அப்பால எங்க மேல பழி வரும். இந்தக் கெணத்துல ஒரு பொம்பள கீறா."

"பொம்பளயா?"

"தோ, அந்த மாட்டுக் கொட்டாய்ல சாணி வாரிக்கினு இருந்தவ. பேரு செல்லியம்மா. வெள்ளி சொம்ப காணோம்னு இவ மேல பழிய போட்டு அடிச்சாங்களாம். மறுநாள் பாத்தா கெணத்து மேல கொடம் கீது, ஆள காணோம்."

இதில் அவள் கற்பனை ஒன்றும் இல்லை. ஊரே சொல்கிற பழைய கதைதான். கல்லுக்கு மஞ்சள் பூசியது மட்டுமே அவள் கைச்சரக்கு.

ஹரிபாபு அவளையே உற்றுப் பார்த்தார். "பொணம் கெடச்சிதா?"

"எங்க கெடைக்கும்? மாட்டப் பூட்டி கவலை ஏத்தத்துல தண்ணிய எறைச்சி, கெணத்தயே காய வச்சி பாத்தாங்களாம். ஊத்து உள்ள இழுத்துக்கிச்சி சார். அவதான் இப்ப அம்மனா நிக்கிறா. யாரு இந்த வூட்ட வாங்கினாலும் சும்மா வுட மாட்டா."

அவர் விறுவிறுவென்று காரைப் பார்த்து நடந்தார். "ஆளு ஆடிப் போய்ட்டான்மே!" என்று எத்திராஜ் கிசுகிசுத்தான்.

ஆனால் அவர் காரை எடுக்கவில்லை. அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கிணற்றடியில் நிறுத்தினார். "அம்மாண்ட சொல்லும்மா, என்னாண்ட சொன்னத."

வரலட்சுமிக்கு உள்ளுக்குள் குஷி. பேய் பிசாசு என்றால் வயசானவர்களுக்குத்தான் பயம் அதிகம். இந்த அம்மா ஒரு வார்த்தை 'வேணாம்' என்றால் போதும், வியாபாரம் முறிந்துவிடும்.

முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை மாட்டுக் கயிற்றால் அடித்ததாக ஒரு சேர்மானமும் போட்டாள்.

"சின்ன வயசாம்மா. கேக்க நாதி இல்ல. போன்னு சொன்னா எங்க போவா? போக்கிடம் இல்லாதவ வேற இன்னாதான் பண்ணுவா, சொல்லு..."

நாடகத்துக்கு வரவழைத்த அழுகை நிஜமாகவே பொங்கிவிட்டது. நாளைக்குத் தனக்கும் அதே கதிதானே என்ற பயத்தில், முகம் தெரியாத செல்லியம்மாவுக்கும் சேர்த்து விம்மி விம்மி அழுதாள்.

அந்த அம்மா கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "அந்த வெள்ளி சொம்பு அப்பறம் கெடச்சிதா?"

"கெடச்சிதாம். தோப்புலயே கெடந்துச்சாம்." வரலட்சுமி மூக்கை உறிஞ்சினாள். "கெடச்சி இன்னா பிரயோசனம்? போன உசுரு திரும்பியா வரப்போவுது?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். தன் பட்டு முந்தானையால் வரலட்சுமியின் முகத்தை அழுந்தத் துடைத்துவிட்டு மகன் பக்கம் திரும்பினாள்.

"வூட்ட வாங்கிடுடா. இவள மட்டும் எங்கயும் அனுப்பாத. நான் செத்ததுக்கு அழுதவ இவ ஒருத்திதான்."