பாக்கலாம்

"உக்காருங்கய்யா. பாக்கலாம்."

நர்ஸ் இதைச் சொல்வது நான்காவது தடவை. பூட்டுக்காரர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

அவசர சிகிச்சைப் பிரிவு என்று கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே அவசரப்படுகிற ஆள் ஒருத்தரையும் காணோம். வந்தது காலை பத்து மணிக்கு. இப்போது மணி பன்னிரண்டு. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி வலது விலாவைப் பிடித்துக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது.

"பாக்கலாம்னா என்ன அர்த்தம் தெரியுமா?" என்று காலில் கட்டோடு எதிரே இருந்தவரிடம் கேட்டார் பூட்டுக்காரர். "பாக்க மாட்டோம்னு அர்த்தம். முப்பது வருஷமா பூட்டு ரிப்பேர் கடை வெச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? பிடிக்காத வேலை வந்தா நானும் இதத்தான் சொல்லுவேன். வெச்சிட்டுப் போ, பாக்கலாம்."

"அந்தப் பூட்டெல்லாம் என்ன ஆச்சு?"

"துருப்பிடிச்சுக் கெடக்கு."

கால்கட்டுக்காரர் சிரித்தார். பூட்டுக்காரர் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைச்சட்டைக்காரரை நேராக உள்ளே கூட்டிப் போனார்கள்.

"பாத்தீங்களா? நமக்கப்புறம் வந்த ஆளு. உள்ள அவனுக்கு ஆள் இருக்கு."

"மூச்சுத் திணறலாம்யா."

"தெரியாமப் போச்சே. நாமளும் ரெண்டு இழுப்பு இழுத்துக் காட்டியிருக்கலாம்."

பூட்டுக்காரர் யாரையும் நம்புகிறவர் இல்லை. ஊரை நம்பினால் பூட்டு எதற்கு, அவர் எதற்கு?

அதிலும் இந்த நர்ஸ் மேல் அவருக்குக் காலையிலிருந்தே ஒரு கண். வந்தவுடன் மனைவியை மட்டும் தனியாகத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போய் ஏதோ கேட்டாள். அட்டையில் ஏதோ எழுதினாள். இவர் எட்டிப் பார்த்ததும் சட்டென்று அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

"உன்ன என்ன கேட்டா?" என்று மனைவியிடம் கேட்டுப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லைங்க. வலியப் பத்தித்தான்."

வலியைப் பற்றி எழுதினால் கவிழ்ப்பானேன்? மடியில் கனம் இல்லாதவளுக்கு வழியில் என்ன பயம்?

எழுந்து நேராக நர்ஸிடம் போனார். "உன் பேர் என்னம்மா?"

"எதுக்குங்கய்யா?"

"புகார் எழுதணும்."

நர்ஸ் முகத்தில் மாற்றமே இல்லை. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். "எழுதி அந்தப் பெட்டியில போட்டுடுங்க." போன் அடித்தது. பெயரைச் சொல்லாமலே போய்விட்டாள்.

படிவத்தில் மூன்றே வரி. 'எவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள்' என்ற இடத்தில் இரண்டு மணி நேரம் என்று அழுத்தி எழுதினார். 'சொன்ன காரணம்' என்ற இடத்தில், பாக்கலாம் என்று எழுதினார். 'காக்க வைத்தவர் பெயர்' மட்டும் காலியாக இருந்தது. விடுவாரா? கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா விலாவுக்குக் கீழே ஒரு அழுத்து அழுத்தினார். மனைவி துடித்துப் போனாள்.

"எப்போலேர்ந்து இந்த வலி?"

அவள் ஒரு தடவை புருஷனைப் பார்த்தாள். "இன்னிக்குக் காலையிலேர்ந்துதான் டாக்டர்."

டாக்டரம்மா அட்டையைத் திருப்பினார். "மூணு வாரமா இருக்கு, சாப்பிட்டா சுருட்டிப் பிடிக்குதுன்னு இதுல இருக்கே?"

மனைவி நர்ஸைப் பார்த்தாள்.

"எங்கிட்ட சொன்னது அவருக்குத் தெரிய வேண்டாம்னீங்க, கவுத்து வெச்சேன்," என்றாள் நர்ஸ். "டாக்டர்கிட்டயும் மறைக்க முடியுமாம்மா?"

"ஏம்மா, வீட்டுல சொல்லலியா?" என்றார் டாக்டரம்மா.

"சொன்னேன்."

"எத்தன தடவ?"

"நாலு தடவ."

"என்ன சொன்னாங்க?"

அவள் போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். பூட்டுக்காரர் சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தார்.

ஸ்கேன் எடுத்தார்கள். அரை மணி நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்தார்.

"பித்தப்பையில கல்லுங்க. சீழ் பிடிச்சிருக்கு. இப்பவே ஆபரேஷன். உங்கள ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சது எங்க தப்பு, இல்லேன்னு சொல்லல. ஆனா வலி ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

"பொழச்சுக்குவாளா?"

"எங்களால முடிஞ்சதெல்லாம் செய்யறோம்."

தள்ளுவண்டியில் படுக்க வைத்து அவளைக் கொண்டுபோனார்கள். கதவருகே கையை அசைத்துக் கூப்பிட்டாள். குனிந்தார்.

"ஏங்க, கடைச் சாவி என் பையில இருக்கு. மறந்துடாதீங்க."

கதவு மூடியது. எந்தப் பூட்டையும் திறக்கிறவர் அந்தக் கதவுக்கு முன்னால் சும்மா நின்றார்.

"பேர் கேட்டீங்களே," என்று பின்னால் வந்து நின்றாள் நர்ஸ். "சொல்றேன், எழுதிக்குங்க."

"வேண்டாம்மா. தெரிஞ்சுபோச்சு."

எழுதிய புகாரை விட்டுக்கொடுக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. பக்கத்துக் கடைக்காரர் மேல் கொடுத்த ஒன்று எட்டு வருஷமாக நடக்கிறது. படிவத்தை எடுத்துப் பெட்டி மேல் வைத்து நீவினார். இரண்டு மணி நேரத்தை அடித்துவிட்டு மூன்று வாரம் என்று எழுதினார். காலியாக இருந்த இடத்தில் தன் பெயரை எழுதினார்.

காரணத்தில் மட்டும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.