தொட்டிக்குள் அப்பா வீடு

“கிணறு அங்க இல்லக்கா.”

இரண்டு வருடத்துக்குப் பிறகு தம்பி என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். எப்படி இருக்கே, என்ன பண்றே, ஒன்றும் கிடையாது. வந்ததும் வராததுமாகக் குறை கண்டுபிடிக்கிறான்.

வாஷிங் மெஷின் போக என் பால்கனியில் மிச்சம் ஓர் ஆள் நிற்கும் இடம். அதில் அகலமான மண்தொட்டி ஒன்றை வைத்து, அப்பா வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் பீங்கான் பொம்மை வீடு. கொய்யா மரத்துக்குப் பதிலாகத் தண்டு தடித்த சக்குலென்ட் செடி. வேலியோரம் ரோஜா மாதிரி இலை விரிக்கும் குட்டிச் செடிகள். கிணறு, ஒரு நீல பாட்டில் மூடி.

நிஜ வீட்டைத்தான் இவன் விற்றுவிட்டானே. அப்போது அப்பா போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அன்றோடு பேச்சை நிறுத்தினேன். இன்றைக்கு என் வீட்டுக்காரர்தான், போதும் உங்கள் வீம்பு என்று இவனைக் கையோடு கூட்டி வந்திருந்தார்.

மூடியைப் பிடுங்கிக் கொய்யாவுக்குப் பின்னால் பதித்தான். அங்கே துவைக்கிற கல் அல்லவா என்று சண்டைக்குப் போனேன். அவன் சொன்னதுதான் சரி. ஒத்துக்கொள்வேனா?

கிணற்று ராட்டினம் கீச்சிட்டால் அம்மா எழுந்துவிட்டாள் என்று அர்த்தம். நாங்கள் போர்வையை இன்னும் இழுத்துக்கொள்வோம்.

இரண்டு பேரும் பால்கனிக் கதவோரம் இடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டோம். கூழாங்கல் பதித்துப் பாதை போட்டோம். சைக்கிளோடு தான் விழுந்த இடத்தில் ஒரு கள்ளியை நட்டுவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன். பாவி, எவ்வளவு நாளாயிற்று!

கடைசியாகப் பொம்மை நாற்காலியை அவன் கையில் கொடுத்தேன். அப்பாவை நீயே உட்கார வை என்றேன்.

வாசலில் வைப்பான் என்று பார்த்தேன். தொட்டிக்கு வெளியே, வெறும் தரையில் வைத்தான்.

“கடைசி ஆறு மாசம் இங்கதான்க்கா, கேட்டுக்கு வெளிய. இது யார் வீடு, என்னை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு அழுவாரு. உள்ள வரவே மாட்டாரு.”

ஊர் விட்டு ஊர் இருந்தாலும் வாரம் தவறாமல் போன் செய்தவள் நான். அப்பா எங்கே என்றால் ஒவ்வொரு தடவையும் இவன் சொன்னது ஒரே பதில்தான். அப்பா வெளியே உட்கார்ந்திருக்கார்க்கா.

காற்று வாங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு, சரி, தொந்தரவு பண்ணாதே என்று போனை வைத்துவிடுவேன்.